பீன்ஸ் பொரியல்: பக்குவமும் ரசாயனமும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே ஒரகடம் வரையில் செல்கிறவர்களுக்கு, முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் கார்களும் லாரிகளும் கண்ணாடிப் பாளங்களும் கைபேசிகளும் உற்பத்தியாகும் ஆலைகள் வரிசையாகத் தென்படும். 1998-ல் ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து வளர்ந்துவந்த இந்தத் தொழிற்பிரதேசத்தில், வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதிகள் 2024-ல் திறக்கப்பட்டன. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுக்கூடம் அமைய வேண்டுமென்று விதிக்க 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு வழிசெய்தது. ஆகவே பெரிய ஆலை இருக்குமிடத்தில் பெரிய அடுப்பும் இருக்கிறது. அந்த அடுப்பிலிருந்து சோறு, சாம்பார், ரசம், மோரோடு தட்டுக்கு வரும் பொரியல்களில் பீன்ஸ் பொரியல் மிகச் சாதாரணமானது. சாதாரணம் என்ற காரணத்தாலேயே அதன் பக்குவத்தைப் பற்றி யாரும் சிரத்தையாக விசாரிப்பதில்லை. விசாரித்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகளைச் சமரசப்படுத்தும் நுட்பமான வித்தை அது என்பது விளங்கும்.

முதலில் காயின் வரலாறு. பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்ஸிகோவிலும் அதையடுத்த நாடுகளிலும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிரதேசத்திலும் ஆதிக் குடிகள் தனித்தனியே அதைப் பயிர்செய்து பழக்கினார்கள். கொலம்பஸின் கடல் யாத்திரைக்குப் பிறகே அது மற்றக் கண்டங்களுக்குப் பரவிற்று. ஆகையால் ஸ்ரீபெரும்புதூரில் இராமாநுஜர் அவதரித்ததாகச் சொல்லப்படும் 1017-ல், அவரைக்காயை அறிந்திருந்த நம் தேசத்தார் பீன்ஸைக் கண்ணாலும் கண்டதில்லை. இன்றும் ஆசாரமான இல்லங்களின் சிராத்தச் சமையலில் இதனை ‘இங்கிலீஷ் காய்’ என்று விலக்கிவைப்பதன் காரணம் இதுவே. குளிர்ந்த சீதோஷ்ணத்தை விரும்பும் இந்தச் செடி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓசூர், கோலார் பக்கங்களிலும் செழிப்பாக வளருகிறது. ஓசூரிலும் கோலாரிலும் பறித்த காயை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுச் சந்தைக்குப் போகும் லாரிகள் ஸ்ரீபெரும்புதூர் வழியாகவே செல்லுகின்றன.

பறித்த பின்னும் பீன்ஸ் உயிருள்ள பதார்த்தமே. அது மற்ற அநேகக் காய்களைவிட வேகமாகச் சுவாசிக்கிறது. சுவாசிக்கும்போது தன் சர்க்கரையைச் செலவழித்து உஷ்ணத்தை வெளியிடுகிறது. நீரும் குறைந்துகொண்டே வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீரான காயில் இந்த நஷ்டம் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிவது புதிய காய், வளைந்து கொடுப்பது வாடிய காய். மிகுந்த குளிரும் இதற்கு ஆகாது; 5 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் தோலில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றும்.

காம்பும் நுனியும் கிள்ளி, நார் இருந்தால் உரித்து, கழுவிய பிறகு, காயைப் பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் வெட்டுவாய் வழியே சத்து நீரில் கரைந்துபோகும். பொடியாக நறுக்குவது அழகுக்காக மட்டும் அன்று. துண்டு சிறியதானால் உஷ்ணம் அதன் மத்தியை விரைவில் எட்டுகிறது. இந்த விரைவு ஏன் அவசியம் என்பதிலேதான் பொரியலின் சாஸ்திரம் அடங்கியிருக்கிறது.

பீன்ஸின் பச்சை நிறம் பச்சையத்தால் உண்டானது. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு வீற்றிருக்கிறது. காய் சூடேறும்போது உயிரணுக்கள் சிதைந்து, அவற்றுள் அடைபட்டிருந்த அமிலங்கள் வெளிவந்து, மக்னீசியத்தை விலக்கி ஹைட்ரஜனை அந்த ஸ்தானத்தில் அமர்த்திவிடுகின்றன. உடனே பச்சை மங்கி ஆலிவ் நிறமாகிறது. காய் அடுப்பில் ஏறிய முதல் நிமிஷத்தில் நிறம் முன்னிலும் பளிச்சென்று தோன்றுவது, திசுக்களின் இடைவெளிகளிலிருந்த காற்று வெளியேறிவிடுவதால் நேர்வது. அந்தப் பொலிவு சில நிமிஷங்களே நீடிக்கும். எனவே நிறத்தைக் கேட்டால், குறைந்த நேரமே வேண்டும் என்று சொல்லும்.

பல்லும் வயிறும் கேட்பதோ வேறு. தாவரத்தின் உயிரணுக்களை, செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து பிடித்திருப்பதுபோல, பெக்டின் என்ற பொருள் ஒன்றோடொன்று பிணைத்துவைத்திருக்கிறது. கொதிநிலையை ஒட்டிய உஷ்ணத்தில்தான் அது இளகிக் காய் மிருதுவாகும். காயினுள்ளே இருக்கும் ஒரு நொதியோ, 55 முதல் 70 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பில் தீவிரமாக வேலைசெய்து, பெக்டினைச் சுண்ணாம்புச் சத்தோடு இறுகப் பிணைத்துவிடுகிறது. குளிர்ந்த நீரில் இட்டு இளந்தீயில் மெதுவாகச் சூடேற்றிய பீன்ஸ், எத்தனை நேரம் வெந்தாலும் ஒரு விறைப்போடு நிற்பதற்கு இதுவே காரணம். அன்றியும், பச்சைப் பீன்ஸில் லெக்டின் என்ற நச்சுத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. முற்றிய விதையைவிடக் காயில் அது குறைவென்றாலும், அரைவேக்காட்டில் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடும். சீனாவில் பள்ளி, ஆலை உணவுக்கூடங்களில் சரியாக வேகாத பீன்ஸால் அநேகர் துன்புற்றதுண்டு. நன்றாகக் கொதிக்கும் உஷ்ணத்தில் பத்து நிமிஷம் வெந்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும்.

நிறத்துக்கு விரைவு, வயிற்றுக்கு நிறைவு: இவ்விரண்டையும் ஒருங்கே சாதிக்க வழி, வெதுவெதுப்பான நிலையைச் சட்டென்று கடந்து கொதிநிலைக்குப் போய், பத்து நிமிஷ அளவில் முடித்துக்கொள்வதே. கால் கிலோ காய்க்கு அகன்ற வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெய் காயவேண்டும். அதில் கடுகைப் போட்டால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலை உடைத்து வெடிக்கும்; பச்சைக் கடுகின் காரம் போய் வாசனை நிற்கும். உளுத்தம்பருப்பு சிவப்பது, புரதமும் சர்க்கரையும் உஷ்ணத்தில் கூடி நூற்றுக்கணக்கான நறுமணப் பொருள்களைப் பிறப்பிக்கும் கிரியையாகும். 1912-ல் இதனை விவரித்த பிரெஞ்சு ரசாயனி மெயிலார்ட் பெயராலேயே அது வழங்குகிறது. பிறகு மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. இவற்றின் காரமும் மணமும் நீரில் கரைவதைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும் சுபாவமுடையவை. ஆகையால் காய் சேருமுன்பே எண்ணெய் அவற்றை வாங்கிக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு துண்டின் மீதும் படிய வைக்கிறது.

காயைக் கொட்டிப் பெருந்தீயில் இரண்டு நிமிஷம் மூடாமல் வதக்கினால், ஆவியாகக்கூடிய அமிலங்கள் நீராவியோடு போய்விடும். பிறகு உப்பிட்டு, நன்கு கொதித்த வெந்நீரைக் கை அளவு தெளித்து, ஏழெட்டு நிமிஷம் மூடி வேகவைத்து, மூடியை எடுத்து ஈரம் சுண்டவிட வேண்டும். பச்சை நிறத்துக்காகச் சமையல் சோடா சேர்ப்பவர்கள், காய் குழைவதையும் வைட்டமின்கள் சில அழிவதையும் எண்ணிப்பார்ப்பது நல்லது. தக்காளி முதலிய புளிப்பு சேர்ப்பதானால் காய் வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு நிறத்தையும் மங்கச் செய்யும், வேகவும் விடாது. தேங்காய்த் துருவலை அடுப்பை அணைக்கும் தறுவாயில் தூவிப் புரட்டினால் போதும். அதிக உஷ்ணத்தில் அதன் பாலும் மணமும் வற்றிவிடும்.

வீட்டு வாணலியில் எளிதான இந்தக் காரியம், ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாவில் கடினமாகிறது. அண்டாவின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் கொள்ளும் காய் எட்டு மடங்காகிறது. தீ படும் அடிப்பரப்போ நான்கு மடங்குதான். குவியலின் நடுவிலுள்ள காய் அந்த வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் தங்கி விறைத்துப்போக, அடியிலுள்ளது நிறமிழந்து குழைந்துபோகிறது. ஒரே அண்டாவில் வேகாததும் மிஞ்சி வெந்ததும் கலந்து கிடக்கும். இதற்குப் பரிகாரம், ஏராளமான நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுக் காயைச் சிறிது சிறிதாக இட்டு வேகவைத்து வடித்து, அகன்ற பாத்திரத்தில் தாளிதத்தோடு புரட்டுவது. நீரில் கரையும் சத்துக்களில் சிறிது நஷ்டமாகும். ஆயினும் எல்லாத் துண்டும் ஒன்றுபோல வேகும் லாபம் அதனினும் பெரிது. அடுத்த ஷிப்டுக்கென்று மணிக்கணக்கில் சூட்டிலேயே மூடிவைப்பதும் தவறு. அந்த மூடிய சூட்டில் பச்சையமும் வைட்டமின் ‘சி’யும் தொடர்ந்து அழிகின்றன. ஷிப்டுக்கு ஷிப்டு புதிதாகத் தாளிப்பதே முறை.

இதே ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் இயங்கிவரும் செயின்ட் கோபேன் போன்ற கண்ணாடி ஆலைகளில் மணலை 1,500 டிகிரி அளவில் உருக்குகிறார்கள். அங்கே உஷ்ணத்தைக் கண்காணிக்கக் கருவிகளும் நிபுணர்களும் உண்டு. பீன்ஸுக்கு வேண்டியது 100 டிகிரிதான். ஆனால் அதையும் அறிந்து அளந்து செலுத்த வேண்டியது மிக அவசியம். தூரத்து ஊர்களிலிருந்து வந்து, விடுதியிலும் ஆலையிலுமாக மூன்று வேளையும் பிறர் சமைத்ததையே உண்ணும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும், நன்றாக வெந்து நிறமும் ருசியும் குன்றாத ஒரு பிடி காய், தயவாகக் கிடைக்க வேண்டியதன்று. உழைப்புக்குரிய நியாயமான பங்கு. அதை அளிக்க அதிகப் பொருட்செலவு வேண்டியதில்லை. அடுப்பின் முன் நிற்பவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும், அதன்படி செய்ய அவகாசமும் தரப்பட வேண்டும்.