நிலநடுக்கத்தில் எந்தச் செங்கல் சுவர் நிற்கும்?

2006 மே 27 அன்று இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தா பகுதியை 6.3 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. 5,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலரின் உயிரைப் பறித்தவை, அவர்களுடைய வீட்டுச் செங்கல் சுவர்களே. 2015இல் சபாவின் ரானாவ் பகுதி 6.0 அளவில் குலுங்கியபின், மலேசியர்களுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல.

செங்கல் சுவர், மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். நிலநடுக்கம் சுவரைப் பக்கவாட்டில் மாறி மாறித் தள்ளுகிறது. அப்போது மூலைக்கு மூலை இழுபடும் சுவரில், பெருக்கல் குறி போல விரிசல் விழும். அதன்பின் என்ன நடக்கும் என்பது சுவரின் வகையைப் பொறுத்தது.

வெறும் செங்கல் சுவர்

கம்பியோ தூணோ இல்லாததால், விரிசல் விட்ட பகுதிகளைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மூலைகள் பிரிந்ததும் சுவர் அப்படியே வெளியே சாயும். தடிப்பாகக் கட்டினால் மட்டும் போதாது. எடை கூடினால், அதன்மீது விழும் நிலநடுக்க விசையும் கூடும்.

சட்டகத்துக்குள் அடைத்த சுவர்

நாம் அதிகம் காண்பது இதுவே. முதலில் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் எழும்பும். பிறகு இடைவெளியில் செங்கல் அடைக்கப்படும். சட்டகம் நின்றாலும், சரியாகப் பிணைக்காத செங்கல் வெளியே சரியலாம். பாதி உயரம் மட்டும் சுவர் அடைத்தால், அதற்கு மேலுள்ள குட்டைத் தூண் பகுதி முறியும் ஆபத்தும் உண்டு.

நான்கு புறமும் கட்டிய சுவர்

இங்கே வேலையின் வரிசை தலைகீழ். முதலில் செங்கல் சுவரை எழுப்பி, அதன் ஓரங்களைப் பல்வரிசை போல விடுவார்கள். பிறகு கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிச் சிறு தூண்களும் உத்தரமும் அமைப்பார்கள். கான்கிரீட் அந்தப் பற்களுக்குள் இறங்கி இறுகும். விரிசல் விழுந்தாலும் சுவர் எளிதில் கலையாது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தீப்பெட்டிகளை அடுக்கி மேசையை ஆட்டினால் சரியும். ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டி ஆட்டினால், ஒன்றாகவே ஆடும்.

சிலி நாட்டில் 1939இல் நேர்ந்த சில்லான் நிலநடுக்கத்துக்குப் பின், ஆய்வாளர்கள் இரு வகை வீடுகளையும் ஒப்பிட்டனர். இம்முறையில் கட்டியவற்றில் பாதிக்கு மேல் சேதமின்றித் தப்பின. வெறும் செங்கல் கட்டடங்களிலோ ஏறத்தாழ 60 விழுக்காடு பகுதியாகவோ முழுதாகவோ இடிந்தன.

கம்பி செருகிய சுவர்

துளையுள்ள சிமெண்டுக் கற்களை அடுக்கி, துளைகளில் கம்பி இறக்கிக் கலவையால் நிரப்புவது இது. ஒழுங்காகச் செய்தால் மிக வலுவானது. ஆனால் துளை நிரம்பாமல் விட்டாலும் வெளியே தெரியாது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் இதை நம்ப முடியாது.

ஓரிரு மாடி வீட்டுக்கு, நான்கு புறமும் கட்டிய சுவர் செலவுக்கும் பாதுகாப்புக்கும் பொருத்தமானது. வீடு கட்டும்போது குத்தகையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சுவரின் நான்கு ஓரங்களையும் எது பிடித்திருக்கிறது? கதவு, சன்னல்கள் மூலையிலிருந்து தள்ளி இருக்கின்றனவா? செங்கல்லை நனைத்தபின் அடுக்குகிறார்களா? காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். பிடிப்பு அங்கேயே போய்விடும்.