இழப்புத் துயருக்கான உளவளத்துணை

இழப்புத் துயருக்கான உளவளத்துணை என்பது, நெருங்கிய ஒருவரின் இறப்பால் துயருற்றவருக்குப் பயிற்சி பெற்ற உளநலப் பணியாளர்கள் அளிக்கும் உதவி ஆகும். "உளவளத்துணை" என்பது இலங்கைத் தமிழரிடையே பரவலாக வழங்கும் சொல். தமிழ்நாட்டில் இது மனநல ஆலோசனை அல்லது கவுன்சலிங் என்று அழைக்கப்படுகிறது. துயரம் ஒரு நோய் அன்று. பெரும்பாலோர் உறவினர், அண்டை அயலார், சடங்குகள் ஆகியவற்றின் துணையுடன் அதனைக் கடந்து செல்கின்றனர். எனினும் சிலருக்குத் துயரம் காலப்போக்கில் தணிவதில்லை. அத்தகையோருக்கே இவ்வுதவி மிகவும் தேவைப்படுகிறது.

இயல்பான துயரம்

அழுகை, உறக்கமின்மை, பசியின்மை, கோபம், குற்ற உணர்வு, இறந்தவரின் குரல் கேட்பது போன்ற உணர்வு ஆகியன இழப்பை அடுத்துப் பொதுவாகக் காணப்படுபவை. இவை மட்டுமே உளநோயின் அறிகுறிகள் ஆகா.

எலிசபெத் கியூப்லர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளைக் குறிப்பிட்டார். அவர் இவற்றை இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளுடன் உரையாடி வகுத்தார். இவை பின்னர் துயருற்றோர் அனைவருக்கும் பொதுவான படிகளாகக் கருதப்பட்டன. ஆனால் எல்லோரும் இந்நிலைகளை இதே வரிசையில் கடப்பதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகியோர் 1999இல் முன்வைத்த கொள்கையின்படி, துயருற்றவர் இழப்பை எண்ணி வருந்துவதற்கும் அன்றாட வாழ்வைச் சீர்செய்வதற்கும் இடையே மாறி மாறிச் செல்கிறார். எனவே கணவரை இழந்த ஒருவர் காலையில் குடும்ப அட்டையில் பெயர் மாற்ற அலுவலகம் சென்று, மாலையில் அழுதுகொண்டிருப்பது முரண்பாடு அன்று.

நீடித்த துயரக் கோளாறு

இறந்தவரைப் பற்றிய ஏக்கம் அல்லது நினைவு நாள்தோறும் வாட்டி, பணி, படிப்பு, குடும்பக் கடமைகள் ஆகியவற்றை நீண்டகாலம் முடக்குமாயின் அது நீடித்த துயரக் கோளாறு எனப்படும். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இது இடம்பெற்றுள்ளது. அப்பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குறைந்தது 6 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். அத்துடன், துயரம் அவரவர் சமூகத்திலும் சமயத்திலும் எதிர்பார்க்கப்படும் அளவைத் தெளிவாக மீறியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வளர்ந்தோருக்கு 12 மாதங்கள் என வரையறுக்கிறது.

வன்முறையல்லாத காரணங்களால் உறவினரை இழந்த வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நிலை ஏற்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தையின் இறப்பு, தற்கொலை, விபத்து போன்ற திடீர் இழப்புகளில் வாய்ப்பு மிகுதி.

மரபும் சமயமும்

துயருக்குக் கால எல்லையும் ஒழுங்கும் வகுப்பதைச் சமூகங்கள் நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளன. ஒப்பாரி, பதினாறாம் நாள் காரியம் ஆகியன தமிழரிடையே அறியப்பட்டவை. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு, தமிழ் முசுலிம்கள் பெருமளவில் வாழும் பேரூராகும். இசுலாமிய மரபில் உறவினர் மூன்று நாள் துக்கம் காப்பர். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் "இத்தா" இருப்பார். கருவுற்றிருப்பின் இக்காலம் மகப்பேறுடன் முடியும். நபிகள் நாயகம் தம் மகன் இப்ராகீம் இறந்தபோது கண்ணீர் விட்டார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. ஆகவே அழுவது இறைநம்பிக்கைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

இத்தா முடிந்த நாளில் துயரமும் முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. அதன் பின்னரே வீடு வெறுமையாகி, ஆறுதல் சொல்ல வருவோரும் குறைகின்றனர். இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றில் வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் உள்ளனர். அங்கு இறந்தவர் அங்கேயே அடக்கம் செய்யப்படும்போது குடும்பத்தினர் முகம் காணும் வாய்ப்பை இழக்கின்றனர். ஊரில் பெற்றோர் இறக்கையில் விடுப்புக் கிடைக்காத மகனின் நிலையும் இதுவே. விடைபெறாத பிரிவு இறப்பை ஏற்பதைக் கடினமாக்கக்கூடும். தொழுகையும் துஆவும் மருத்துவ உதவியும் ஒன்றுக்கொன்று தடையாக இருப்பதில்லை. இரண்டையும் ஒருசேரப் பெறலாம்.

ஆழிப்பேரலை தந்த படிப்பினை

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். துயருற்றோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப மனநல மருத்துவர்கள் இல்லாததால், பெங்களூரின் நிம்கான்சு நிறுவனம் உள்ளிட்டவை ஊர்மட்டப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தன. சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் நிறுவனர் லட்சுமி விஜயகுமாரும் சுரேஷ் குமாரும் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. பயிற்சி பெற்ற தன்னார்வலரின் ஆதரவைப் பெற்றவர்களிடம் மனச்சோர்வும் உளநெருக்கடியும், அதைப் பெறாதவர்களை விடக் குறைந்திருந்ததாக அது கண்டறிந்தது. ஆறுதலையும் முறையாகக் கற்று வழங்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

எப்போது உதவி நாடுவது

பின்வரும் நிலைகளில் காத்திராமல் உதவி நாட வேண்டும்:
• "நானும் அவருடன் போய்விட வேண்டும்" என்ற எண்ணம் அல்லது தற்கொலை எண்ணம் எழுதல். இந்நிலையில் அவரைத் தனியே விடாது உடனடியாக உதவி பெறுதல் வேண்டும்.
• உண்ணாமை, உறங்காமை ஆகியன உடல்நலத்தைக் கெடுத்தல்.
• துயரை மறக்க மது அல்லது மாத்திரைகளை நாடுதல்.
• மாதங்கள் கடந்தும் வேலைக்கோ பள்ளிக்கோ செல்ல இயலாமை.
• சிறுவர்கள் பேச்சைக் குறைத்தல், படிப்பில் பின்தங்குதல், காரணம் தெரியாத வயிற்றுவலி கூறுதல்.

இத்தகைய நிலை இல்லாதோரும், விரும்பினால் ஆலோசனை பெறலாம்.

உதவி அளிப்போரும் முறையும்

மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தர இயலும். மருத்துவ உளவியலாளரும் மனநலச் சமூகப் பணியாளரும் உரையாடல் வழியாக உதவுவர். முதல் சந்திப்பில் இறந்தவர் யார், எவ்வாறு இறந்தார், உறக்கமும் உணவும் எவ்வாறு உள்ளன, தற்கொலை எண்ணம் உண்டா போன்றவை கேட்கப்படும். தற்கொலை பற்றிக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது.

கேத்ரின் ஷியர் உருவாக்கிய துயரச் சிகிச்சை பொதுவாக 16 அமர்வுகளைக் கொண்டது. இறப்பு நேர்ந்த நாளை மீண்டும் எடுத்துரைத்தல், தவிர்த்துவந்த இடங்களுக்குச் செல்லுதல், எதிர்காலத் திட்டம் வகுத்தல் ஆகியன இதன் கூறுகள். இச்சிகிச்சை பெற்றவர்களில் 51 விழுக்காட்டினரும் வேறொரு உளச்சிகிச்சை பெற்றவர்களில் 28 விழுக்காட்டினரும் முன்னேற்றம் அடைந்ததாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. மனச்சோர்வு மருந்து, உடன் காணப்படும் மனச்சோர்வைக் குறைத்தாலும், துயரைப் போக்குவதில் கூடுதல் பயன் தரவில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு கூறியது. இறந்தவரை மறக்கச் செய்வது சிகிச்சையின் நோக்கம் அன்று. நினைவைச் சுமந்தபடியே வாழ இயலச் செய்வதே அதன் நோக்கம்.

உதவி பெறும் இடங்கள்

1996–97இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995இல் அதிலிருந்தே பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டிருந்தது. இத்திட்டம் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வாழ்வோர் பெரம்பலூர் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையையோ, அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம்.

பயணம் செய்ய இயலாதோர் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இந்த டெலி-மனசு சேவை 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

ஊரார் அறிந்துவிடுவர், "பைத்தியம்" என்பர் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இன்படி, சிகிச்சை விவரங்களை மறைவாக வைத்திருக்கக் கோருவது நோயாளியின் உரிமையாகும்.