குடல் விழிக்கும் நேரம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பெருங்குடலில் புற்றுநோய் என்றால் வயிற்றை நீளமாகக் கிழித்தாக வேண்டும் என்ற நிலை 1990-களில் மாறத் தொடங்கியது. வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவால் அதை உப்பவைத்து, கேமராக் குழாயின் துணையோடு நோயுற்ற பகுதியை வெட்டி, சிறு கீறல் வழியே எடுத்துவிடுகின்றனர். இதுவே லேப்ராஸ்கோப்பி. வெளிக்காயம் சிறிதுதான். ஆயினும் உள்ளே குடல் வெட்டி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அறுவைக்குப் பின் குடல், தொட்டாற்சிணுங்கி இலை போல ஒடுங்கிவிடுகிறது. சிறுகுடல் சில மணி நேரத்தில் மீண்டும் அசையும். இரைப்பைக்கு ஏறத்தாழ ஒரு நாள். பெருங்குடலுக்கோ இரண்டு மூன்று நாட்கள். காற்றுப் பிரிவதே அது விழித்ததன் அடையாளம். "காற்றுப் பிரிந்ததா?" என்று மருத்துவர் காலைதோறும் கேட்பது இதனால்தான். நம் வகுப்பில் கேட்டால் சிரிப்பெழும். நோயாளியின் கட்டிலருகே யாரும் சிரிப்பதில்லை.

முன்பெல்லாம் அதுவரை பட்டினியும் படுக்கையும்தான். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் என்னும் அறுவை மருத்துவர் இவ்வழக்கம் தேவைதானா என்று கேட்டார். மார்பின் போன்ற மருந்துகள் வலியோடு குடலையும் உறங்கவைக்கும். எனவே முதுகுத்தண்டருகே மருந்து செலுத்தி வலியை அடக்கினர். விரைவிலேயே உணவு கொடுத்தனர். எழுந்து நடக்கவும் வைத்தனர். லேப்ராஸ்கோப்பியுடன் இவற்றைச் சேர்த்துச் செய்ததன் பலனை அவரது குழு 1995-இல் வெளியிட்டது. முதியவர்களும் இரண்டே நாளில் வீடு திரும்ப முடிந்தது!

சிறு துளை மட்டும் போதாதா? 2011-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, 400 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தது. பழைய பராமரிப்போடு லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை அளவு 6. புதிய பராமரிப்பும் சேர்ந்தபோது 5. திறந்த அறுவையில் 7.

இன்னொரு விந்தை: சூயிங் கம் மெல்வது! உணவு வருவதாக எண்ணிக் குடல் ஏமாந்து விழிக்கிறதாம். 2002-இல் ஜப்பானில் 19 பேரிடம் மட்டுமே செய்த சோதனையில், மென்றவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகக் காற்றுப் பிரிந்தது.

விரைவில் வீடு திரும்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. குடலை இணைத்த இடம் கசியுமானால், அது பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே தெரியவரும். அப்போது நோயாளி வீட்டில் இருக்கலாம். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். மருத்துவச் சீட்டு நம் கைக்குத்தான் வந்து சேரும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, படபடக்கும் நாடி, வாந்தி ஆகியவற்றில் எது கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.