பொத்துவில் கரையில் பால்வீதியைப் படம்பிடிக்கலாம்

கச்சான் காற்றடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை பொத்துவிலில் மழை குறைவு. பால்வீதியின் மையப்பகுதி இரவில் நன்றாகத் தெரிவதும் இந்த மாதங்களில்தான். தனுசு ராசித் திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த மையம், ஜூன் நடுவில் நள்ளிரவையொட்டித் தெற்கே 54 பாகை உயரத்துக்கு வருகிறது. லண்டனில் அது 10 பாகையைக்கூடத் தொடாது.

நாளைத் தெரிவுசெய்யப் பிறைக் கணக்குப் போதும். பிறை 26 முதல் அடுத்த மாதம் பிறை 3 வரை, இரவின் பெரும்பகுதியில் நிலா இராது.

முக்காலியில் கமராவைப் பொருத்தி, 20 மில்லிமீற்றர் அளவிலான அகன்ற லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 அளவுக்குத் திறந்து, ஐஎஸ்ஓவை 3200இல் வைக்கலாம். ஓட்டோ ஃபோக்கஸ் இருட்டில் தடுமாறும், அதை நிறுத்திவிடுங்கள். பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெருப்பித்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள்.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால், அவை கோடாக இழுபடாமல் எத்தனை செக்கன் எடுக்கலாம் என்பது கிடைக்கும்: 20 மில்லிமீற்றருக்கு 25 செக்கன். நுணுக்கமான இன்றைய கமராக்களுக்கு அதில் பாதியே நல்லது.

விண்மீனைப் பின்தொடர்ந்து சுழலும் கருவிகளும் உண்டு. ஆனால் அவற்றைத் துருவ விண்மீனை நோக்கிப் பொருத்த வேண்டும். பொத்துவிலில் அது அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. மரமோ மூட்டமோ மறைத்துவிடும். ஆகவே நமக்குக் கைகொடுப்பது அடுக்கும் முறை.

ஒரே காட்சியை 16 தடவை ரோ கோப்பாக எடுங்கள். பின்னர் லென்ஸை மூடி, அதே அமைப்பில் சில இருட்டுப் படங்களும் எடுங்கள். வெப்பமான கரையோர இரவில் சென்சரில் தோன்றும் பொய்ப் புள்ளிகளை அவை காட்டிக்கொடுக்கும். சீக்குவேட்டர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் அப்புள்ளிகளைக் கழித்து, விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கும். விண்மீன் எல்லாப் படத்திலும் இருக்கும். இருட்டுப் படங்களில் மணல்போலத் தெரியும் இரைச்சலோ படத்துக்குப் படம் மாறும். அதனால் 16 படங்களில் இரைச்சல் நாலில் ஒன்றாகிவிடும். வானத்தைப் பொருத்தும்போது கரையும் தோணியும் கலங்கும் என்பதால், நிலத்தைத் தனியே எடுத்து இணைக்க வேண்டும்.

இரைச்சலை மென்பொருள் குறைக்கும். விளக்கொளியில் மூழ்கிப்போன மங்கல் விண்மீன்களை முழுதாக மீட்டுத் தராது. அறுகம்பே விடுதிகளும் கரையோர வீதிகளும் தம் விளக்குகளுக்கு மேல்மூடியிட்டு ஒளியை நிலத்துக்குத் திருப்பினால், இந்த வானம் நம் பிள்ளைகளுக்கும் மிஞ்சும்.