கரைந்த கொழுப்பு எங்கே போகிறது?

ஒருவருக்கு உடம்பில் பத்து கிலோ கொழுப்பு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து கிலோ எங்கே போனது? வியர்வையாக வழிந்தது என்பார்கள் சிலர். சூடாக மாறி மறைந்தது என்பார்கள் வேறு சிலர். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆன்ட்ரூ பிரவுன் என்ற இருவர் மருத்துவர்களிடமும் உணவியல் வல்லுநர்களிடமும் உடற்பயிற்சியாளர்களிடமும் இதையே கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்ன பதில் தவறு. சரியான விடையை 2014-இல் அந்த இருவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 8.4 கிலோ மூச்சுக்காற்றாக வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது.

நம் உடல் கொழுப்பை டிரைகிளிசரைடாகச் சேமிக்கிறது. அது கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கோத்த அமைப்பு. நாம் வேகமாக நடக்கத் தொடங்கியதும் அட்ரினலின் சுரக்கிறது. உடனே கொழுப்புச் செல்லில் உள்ள நொதிகள் சங்கிலிகளைக் கழற்றி ரத்தத்தில் விடுகின்றன. கொழுப்புதான் நீரில் கரையாதே! அதனால் அல்புமின் என்ற புரதம் அவற்றைச் சுமந்துகொண்டு தசைக்குப் போகிறது. அங்கே, செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் மைட்டோகாண்ட்ரியாவில், ஒவ்வொரு சங்கிலியும் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்படுகிறது. அந்தக் கார்பன் கரியமில வாயுவாகி நுரையீரலுக்கு வருகிறது. ஹைட்ரஜன், நாம் இழுத்த ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது.

பத்து கிலோ கொழுப்பு முழுதும் எரிய 29 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதிலிருந்து வெளிவரும் கரியமில வாயுவின் எடை 28 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனமான இந்தச் சரக்கு, யார் கண்ணிலும் படாமல் மூக்கு வழியே போய்விடுகிறது.

அப்படியானால் வேகவேகமாக மூச்சுவிட்டே இளைத்துவிடலாமா? முடியாது. தசை கேட்டால்தான் கொழுப்பு எரியும். சும்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினால் தலைதான் சுற்றும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதிகம் அலையாத ஒரு நாளில் சுமார் 200 கிராம் கார்பனை மூச்சில் விடுகிறார். ஓய்வு நேரத்தில் ஒரு மணியை மெது ஓட்டத்துக்கு ஒதுக்கினால் இன்னும் 40 கிராம் போகும். நூறு கிராம் சர்க்கரை சாப்பிட்டால் அத்தனையும் திரும்பிவிடும். எடையைக் குறைப்பதில் தட்டுக்குத்தான் பெரிய பங்கு என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகச் சொல்லும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

குறைத்த எடையைத் தக்கவைப்பது வேறு கதை. கொழுப்பு போனாலும் அதை வைத்திருந்த செல்கள் போவதில்லை, சுருங்கிக் காத்திருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க உதவியது அணுகுண்டு என்பது நம்பமுடியாத திருப்பம். 1950, 60-களின் திறந்தவெளிச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐப் பெருக்கின. அது உணவு வழியாக மனிதரின் டி.என்.ஏ.வில் ஏறியது. அதை அளந்து ஸ்வீடனில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தது. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் இறந்து புதியவை பிறக்கின்றன. ஆனால் பெரியவர்களிடம் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை என்று 2008-இல் அவர்கள் அறிவித்தார்கள்.

இந்தச் செல்கள் பேசவும் செய்யும். அவை சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் கண்டறிந்தார். சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிப்பது இதுதான். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் மூளை, பசியைக் கூட்டி எரிப்பைக் குறைக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வெகுவேகமாக இளைத்த 14 பேரைக் கெவின் ஹால் குழு ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தது. பெரும்பாலோர் மீண்டும் பருத்திருந்தார்கள். ஆனாலும் ஓய்வில் அவர்கள் உடல் எரித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு! மன உறுதி இல்லை என்று அவர்களைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயம்!

அதே போட்டியில் எடையைத் தக்கவைத்தவர்களும் உண்டு. மற்றவர்களைவிட அவர்களிடம் மிகவும் கூடியிருந்தது அன்றாட உடலுழைப்பு. 1994-இல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் தொடங்கிய ஒரு பதிவேடும் இதையே காட்டுகிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அப்படியே இருப்பவர்கள் மட்டுமே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் காலை உணவைத் தவறவிடுவதில்லை. வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அவர்களில் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது நடையை.