பானையின் வாய் வட்டமில்லை

பாடவேளை – 14

சென்ற வாரம் பள்ளி நூலகங்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம், பத்தாம் வகுப்பு நெருங்க நெருங்கக் கால அட்டவணையில் தேய்ந்துகொண்டே போகும் பாடவேளைக்கு வருவோம்: ஓவியம்.

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. ஓவிய ஆசிரியர் உயரம் குறைந்த ஸ்டூல் ஒன்றில் மண்பானையை வைத்தார். “பாத்து வரைங்கப்பா” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கிச் சுவரோரம் பரப்பினார். அநேகமாக எல்லாத் தாள்களிலும் பானையின் வாய் முழு வட்டமாக இருந்தது. அடிப்பாகமோ ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு.

ஆசிரியர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளைகளைப் பின்னாலும் பின் பெஞ்சுப் பிள்ளைகளை முன்னாலும் மாற்றி உட்காரவைத்தார்.

“இப்ப வாய் எப்படித் தெரியுது?”

“ஒடுங்கிப் போச்சு சார்” என்றாள் பின்னால் போன ஒரு பெண்.

“எந்திரிச்சு நில்லு.”

“இப்ப அகலமாயிருச்சு சார்.”

“தரையில உக்காந்து பாரு.”

கண்ணும் பானை விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் அவளுக்கு வாய் வெறும் கோடாகிவிட்டது. அடுத்து, பென்சிலைப் பிடித்துக் கையை மடக்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பானையின் அகலத்தை உயரத்தோடு ஒப்பிட்டு அளக்கக் காட்டிக்கொடுத்தார். இரண்டாவது முறை வரைந்தபோது ஒவ்வொரு தாளிலும் வாய் ஒவ்வொரு விதமான நீள்வட்டம். அவரவர் உட்கார்ந்த இடத்துக்கு எல்லாமே சரி.

முதல் முறை அந்தப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வரைந்தார்கள். பானை வாய் வட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது முறைதான் கண்ணில் பட்டதை வரைந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் எதற்கு என்று யாராவது கேட்டால், என் பதில் அந்த இரண்டு தாள்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான். நிழல் தீட்டும்போது இது இன்னும் கூர்மையாகும். பானையின் இருண்ட பக்கம் விளிம்புவரை ஒரே கறுப்பாக இருப்பதில்லை; தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஓரத்தில் மெல்லிய சாம்பல் கீற்றாக நிற்கும். அதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு 2பி பென்சிலை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

இந்தப் பயிற்சிக்கு நம்மிடம் நீண்ட பாரம்பரியம் உண்டு. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. கைத்தொழிலுக்கு ஆள் தயாரிப்பதுதான் அன்றைய நோக்கம். ஓவிய ஆசிரியர் ஆக விரும்புகிறவர்கள் எழுதும் அரசு தொழில்நுட்பத் தேர்வில், லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளிலும், ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று வரும் பெயர்கள் அந்தக் காலத்துப் பாடத்திட்டத்தின் தொடர்ச்சி. ஆனால் தொழிலுக்காகத் தொடங்கிய அந்தப் பள்ளி தொழிலோடு நின்றுவிடவில்லை. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். துறையூர் அருகே கீராம்பூரில் 1938-ல் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் படித்ததும் அந்தக் கலைப்பள்ளியில்தான். காந்தியைக் கோடுகளாலேயே வரைந்த அந்தக் கைதான், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கும் வார இதழில் படம் போட்டது. கிராமத்துப் பையன் ஒருவனால் கோட்டை நம்பி அவ்வளவு தூரம் போக முடிந்தது.

இன்று அப்படிப் போக நினைக்கும் பிள்ளைக்கு வழி எங்கே அடைபடுகிறது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடம், 500 மதிப்பெண். ஓவியத்துக்கு அதில் இடமில்லை. மதிப்பெண் இல்லாத பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்குமேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதன்படி 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை சென்னைக்கு வந்து போராடினார்கள். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. மாணவரின் கண்ணும் கையும் பக்குவப்படும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இதன் விலையைக் கொடுப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டடக்கலை படிப்புக்கான நாட்டா தேர்வில் வரைதல் ஒரு பகுதி. ஐஐடிகளில் வடிவமைப்புப் பட்டம் படிக்க ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்விலும் வரைதல் கேள்வி உண்டு. கவின்கலைக் கல்லூரியில் சேரவும் வரைந்துதான் காட்ட வேண்டும். நகரத்தில் பணமுள்ள வீட்டுப் பிள்ளை இதற்கெல்லாம் கோச்சிங் போகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இருப்பது அந்த ஓவிய ஆசிரியர் மட்டும்தான். அவரும் இல்லையென்றால், இப்படிப்பட்ட படிப்புகள் இருக்கின்றன என்ற செய்திகூட அந்த ஊருக்குப் போய்ச் சேராது.

2022 முதல் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் கலைத் திருவிழா நல்ல முயற்சி. மேடையே ஏறாத பிள்ளைகளை அது ஏற்றியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளையைத்தான் போட்டி கண்டெடுக்கும். தெரியாத பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வகுப்பு வேண்டும், வாரா வாரம் வரும் ஆசிரியர் வேண்டும்.

நான் சொன்ன வகுப்பு புதுக்கோட்டைப் பக்கம் நடந்தது. நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். அங்கே சமணக் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம்: மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். வரலாற்றுப் பாடத்தில் அதன் பெயரை ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு, பென்சிலும் தாளுமாக அதன் கீழே ஒரு காலைப்பொழுது உட்கார வாய்ப்பு கிடைக்க வேண்டும். ஓர் இதழ் எப்படித் திரும்புகிறது என்று வரைந்து பார்த்தவருக்கு அந்த விதானம் ஏன் காக்கப்பட வேண்டும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்.

கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர். வாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகள். ஒரே பாடவேளை என்றால், அந்த நாற்பது நிமிடத்தில் பானையைப் பார்க்கத் தொடங்கும்போதே மணி அடித்துவிடும். பத்தாம் வகுப்புவரை அந்த வேளையை வேறு பாடம் எடுத்துக்கொள்ளாது என்ற உறுதி. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர், உங்கள் பள்ளியின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓவியம் என்று எழுதியிருக்கும் வேளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பெற்றோர் கேட்காதவரை அந்த வேளை பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்காது.

(தொடரும்)