பியூஸ் எதைக் காப்பாற்றுகிறது?

"வெறும் 12 வோல்ட்தானே அப்பா, கையில் பிடித்தால்கூட ஷாக் அடிக்காது."

கடந்த விடுமுறையில் நான் அப்பாவிடம் சொன்னது இது. அடுத்த ஒரு மாதத்தில் அவருடைய பிக்கப் தீப்பிடிக்காமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்பா இரவுச் சந்தையில் காய்கறி விற்கிறார். பிக்கப்பின் பின்பகுதியைத் திறந்தால் அதுதான் கடை. மழை மூட்டமான நாள்களில் சீக்கிரமே இருட்டிவிடும். வாடிக்கையாளர்கள் கீரையைப் புரட்டிப் பார்க்கக் கைப்பேசி விளக்கைத் தேடுவார்கள். "நீ எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைதானே, ஒரு லைட்டு போட்டுக் குடேன்," என்றார் அப்பா.

ஐந்து மீட்டர் எல்.இ.டி. பட்டை வாங்கினேன். வீட்டில் கிடந்த மெல்லிய வயரைப் பேட்டரியிலிருந்து பின்பகுதி வரை இழுத்தேன். தகரத்தில் துளை போட்டு நுழைத்தேன். 10 அம்பியர் பியூஸ் ஒன்றும் போட்டேன். விளக்கு எரிந்தது. அப்பா அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டு வாரத்தில் பியூஸ் போனது. மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் போனது. சந்தைக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. கையில் இருந்த 30 அம்பியர் பியூஸைச் செருகி, "இனிமேல் போகாது," என்றேன்.

அது போகவில்லை. வயர்தான் போனது. மூன்றாம் நாள் இரவு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரப்பர் கருகும் வாடை வந்தது. அப்பா சாலையோரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து பியூஸைப் பிடுங்கினார். வயரின் மேலுறை நெடுக உருகியிருந்தது. அந்த வயர் போகும் வழியில்தான் டீசல் குழாயும் போகிறது.

மாமா கேட்ட கேள்வி

மறுநாள் எங்கள் தாமானில் வாகன வயரிங் வேலை செய்யும் மாமாவிடம் போனோம். அவர் திட்டவில்லை. "பியூஸ் எதைக் காப்பாத்தும், சொல்லு," என்று மட்டும் கேட்டார். "விளக்கை," என்றேன். அவர் தலையை ஆட்டி, "வயரைம்மா," என்றார்.

எஸ்.பி.எம். இயற்பியலில் நல்ல தேர்ச்சி பெற்றவள் நான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் படிவம் 5 பாடம் எனக்குப் புரிந்தது. நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பட்டை மீட்டருக்கு 14.4 வாட். ஐந்து மீட்டருக்கு 72 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 6 அம்பியர். நான் போட்ட வயரின் குறுக்குப் பரப்பு 0.5 சதுர மில்லிமீட்டர். ஐந்து மீட்டர் செம்பு வயருக்கு மின்தடை ஏறக்குறைய 0.17 ஓம். அதாவது 6 அம்பியர் ஓடும்போதே சுமார் 1 வோல்ட் வழியில் வீணாகிறது. 6 வாட் வெப்பமாகிறது. அதுவரை ஆபத்தில்லை.

வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் ஐந்து மடங்காகி 30 அம்பியரைத் தொட்டால், வெப்பம் 25 மடங்காகிவிடும். 6 வாட் 150 வாட் ஆகும். ஈயம் பற்றவைக்கும் சாதாரணக் கருவிக்கு 40 அல்லது 60 வாட்தான். பிளாஸ்டிக் உறை எப்படித் தாங்கும்? 30 அம்பியர் வரை பியூஸோ வாய் திறக்காது.

12 வோல்ட் நம் உடம்பில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. தீ மூட்டாது என்பது பொய்.

சரி, முதல் பியூஸ் ஏன் போனது? துளையின் கூரான தகர விளிம்பு, வண்டி குலுங்கும்போதெல்லாம் வயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டியின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்தது. உறை தேய்ந்து செம்பு தகரத்தைத் தொட்டதும் குறுக்குச்சுற்று. பியூஸ் இரண்டு முறை எச்சரித்தது. நான் அதன் வாயை அடைத்தேன்.

இரண்டாம் முறை

இந்த முறை மாமா பக்கத்தில் நிற்க, நானே செய்தேன். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். நேர்முனையில் வேலை செய்யும்போது ஸ்பேனர் தவறித் தகரத்தில் பட்டாலும் பொறி பறக்காது.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். வோல்ட் இழப்பு 0.2 ஆகக் குறைந்தது. பியூஸ் மறுபடியும் 10 அம்பியர். பேட்டரிக்கு மிக அருகில். பியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. துளைக்கு ரப்பர் வளையம். வயர் முழுவதுக்கும் நெளிவுக் குழாய். டீசல் குழாயிலிருந்து தள்ளி வேறு வழி. எதிர்முனை வயரை இணைக்கும் இடத்தில் சாயத்தைச் சுரண்டி, வெறும் இரும்பில் திருகாணி போட்டோம்.

நடுவில் ஒரு ரிலே. அதில் 85, 86 என்ற முனைகள் சுருளுக்கு உரியவை. ஓட்டுநர் அருகிலுள்ள சுவிட்ச் சிறு மின்னோட்டத்தால் அதை இயக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும். 87 வழியாக விளக்குக்குப் போகும். மின்காந்தவியல் பாடத்தில் படம் வரைந்த அதே ரிலேதான்.

கடைசியாக ஒரு கணக்கு. இயந்திரத்தை அணைத்துவிட்டு நான்கு மணி நேரம் 6 அம்பியர் எடுத்தால் 24 அம்பியர்-மணி போய்விடும். வண்டியைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்ட பேட்டரிக்கு அது அதிகம். பட்டையைப் பாதியாக வெட்டினோம். கீரை பார்க்க அந்த வெளிச்சம் போதும். சாலையில் ஓடும்போது விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பதும் மாமா சொன்ன நிபந்தனை. பின்னால் வருபவரின் கண் கூசக்கூடாது.

உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளிலோ காரிலோ கூடுதல் விளக்கு பூட்டியிருக்கிறீர்களா? இந்த வார இறுதியில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பியூஸ் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எத்தனை அம்பியர், வயர் எங்கேனும் தகரத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். நானும் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

பியூஸ் போனால் பெரிய பியூஸைத் தேடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.